நாங்க நாலு பேரும் போறோம் ஐயா

(மேல் பிரிவு பிள்ளைக் காம்பராவில் கூடிய குடும்பக் கூட்டத்தில் நாங்கள் பேசியது இது. வேலைக்குப் போயும் சுகமில்லாமலும் அன்று வர முடியாமல் போனவர்கள் கேட்டபடியால் எழுதித் தருகிறோம். பேசினது பேசினபடியே இருக்கிறது. ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் திருத்தினோம்.)

தேத்தண்ணி கிடைக்காதவர்கள் கையைக் காட்டுங்க, வாளியில் இன்னும் இருக்கிறது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நம் நாட்டை அடித்துப் போட்டதை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. அந்தப் பெயரை வைத்தது யேமன் நாடாம். பெயர் எங்கிருந்து வந்தாலும் அடி விழுந்தது நம்ம மலைநாட்டில். நாடு முழுக்க அறுநூறுக்கு மேற்பட்ட உயிர் போனது. பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை என்று எங்கே பார்த்தாலும் மண்சரிவு. ரோட்டு இல்லை, ரயில் இல்லை, கரண்ட் இல்லை, போன் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஆபீசுக்கு வந்து, "நாங்களும் போய் ஏதாவது செய்யணும், எங்க போறது, யாரைக் கேக்குறது" என்று விசாரித்தவர்கள் பலர். வந்தவர்களில் பாதிப் பேருக்கு நாங்கள் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறோம். இன்றைக்கு ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லலாம் என்று அவர்களிடமே அனுமதி கேட்டு வந்திருக்கிறோம். பெயர் சொல்ல மாட்டோம். இந்தப் பிரிவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அது வேறு விஷயம்.

டிசம்பர் முதலாந் தேதி, திங்கட்கிழமை. காலையில் ஆபீசைத் திறக்கும்போதே வாசலில் அந்தக் குடும்பம் நின்றது. புருஷன் கவ்வாத்து வெட்டுகிறவர். பெண்சாதி கொழுந்து எடுக்கிறவர். மூத்தது பெண் பிள்ளை, உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தது. புயலால் பரீட்சையை நடுவில் நிறுத்திவிட்டார்கள். இளையது பையன், பத்தாம் வகுப்பு. நாலு பேரும் நல்ல உடுப்பு உடுத்தி, ஒரு பையில் துணிமணியோடு நின்றார்கள். ஏதோ கலியாண வீட்டுக்குப் புறப்பட்ட மாதிரி.

"என்னம்மா தங்கச்சி, எங்க பயணம்?" என்றோம்.

"நாங்க நாலு பேரும் போறோம் ஐயா. எங்க ஆள் தேவைன்னு ஒரு துண்டு எழுதிக் குடுங்க. போன இடத்துல காட்டுவோம்."

அந்தத் தங்கச்சியின் அக்கா மீரியபெத்தையில் வாழ்க்கைப்பட்டவர். 2014 அக்டோபர் 29ஆம் தேதி, தீபாவளி கழிந்து ஒரு கிழமை, காலை வேளையில் அந்த மலை இறங்கி லயங்களை மூடியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அக்கா அன்று வேலைக்குப் போயிருந்ததால் தப்பினார். பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருந்ததால் தப்பினார்கள். மாமியார் தப்பவில்லை.

"அன்னைக்கு எங்களால ஒடனே போக முடியல ஐயா. இவன் அப்ப சின்னப் பிள்ளை. பத்து நாள் கழிச்சுத்தான் போனோம். போய்ப் பாத்தா, யாரோ ஒரு ஆச்சி, எந்தத் தோட்டமோ தெரியல, காலைல காலைல வந்து சுடுதண்ணி வச்சு எங்க அக்கா பிள்ளைங்கள குளிப்பாட்டி தல சீவி விட்டுருக்காங்க. அந்த ஆச்சி பேரு கூட யாரும் கேக்கல. அந்தக் கடன் எங்க மேல இருக்கு."

இதற்கு மேல் என்ன பேச? நாங்கள் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னோம். துண்டு எழுதிக் கொடுக்கவில்லை.

ஏன் கொடுக்கவில்லை என்பதற்கு எங்கள் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டும். வெட்கமான கதைதான்.

அதே 2014இல் நாங்களும் போனோம். வீட்டில் யோசித்தது அரை மணித்தியாலம்கூட இல்லை. பிள்ளைகளை ஆத்தாவிடம் விட்டுவிட்டு, நாங்களும் வீட்டுக்காரம்மாவும் லயம் லயமாகப் போய்த் துணி சேர்த்தோம். எட்டுச் சாக்கு சேர்ந்தது. ஒரு பட்டா லொறியை வாடகைக்குப் பிடித்து இரண்டாம் நாளே புறப்பட்டோம். அப்புத்தளை தாண்டிப் பெரகலைச் சந்திக்கு வந்தால் வாகனம் நகரவில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் எங்களைப் போல உதவிக்கு வந்த லொறிகளும் வேன்களும். பின்னால் மண் அள்ளுகிற பெரிய மெசின் ஏற்றிய வாகனம் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டே நின்றது. அதற்கு வழிவிட எங்களுக்கு இடமில்லை. எவ்வளவு நேரம் நின்றது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியாது. அந்த ஹோர்ன் சத்தம் மட்டும் காதில் இருக்கிறது.

கொஸ்லந்தைப் பக்கம் சனங்களை வைத்திருந்த பாடசாலைக்கு ஒருவாறு போய்ச் சேர்ந்தோம். அங்கே துணி ஏற்கெனவே மலையாகக் குவிந்து கிடந்தது. மழைத் தூறலில் நனைந்து நாற்றம் எடுத்திருந்தது. எங்கள் எட்டுச் சாக்கையும் அதன் மேலே போட்டோம். பெண்கள் இரண்டு மூன்று பேர் வீட்டுக்காரம்மாவைத் தனியே கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்கள்: உள்ளுடுப்பு இருக்கா, மாதவிலக்குக்குத் துணி இருக்கா, சவர்க்காரம் இருக்கா, ஒரு சீப்பு இருக்கா. எதுவும் எங்களிடம் இல்லை. பட்டுச் சேலை ஒன்று இருந்தது. யாரோ நல்ல மனதோடு கொடுத்தது.

பகல் ஆனது. ஒரு பையன், பதினொன்று பன்னிரண்டு வயதிருக்கும், ஒரு சோற்றுப் பார்சலைக் கொண்டுவந்து, "சாப்புடுங்க சார், தூரத்துல இருந்து வந்திருக்கீங்க" என்றான். நாங்கள் சாப்பிட்டோம். பசி. சாப்பிட்டு முடித்த பிறகுதான் பார்த்தோம், வரிசையின் கடைசியில் நின்றவர்களுக்குப் பார்சல் போதவில்லை. வீடு திரும்பும் வழியில் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

ஆகவே, எங்களுக்கு எட்டுச் சாக்கும் ஒரு சோற்றுப் பார்சலும் மனதில் இருந்தபடியால்தான் இந்த முறை வந்தவர்களுக்கு வாய் திறந்து ஒரு வழி சொல்லத் தயங்கினோம். அதுவும் பிழைதான். போக வேண்டாம் என்று சொல்வது எங்கள் வேலை இல்லை. எப்படிப் போவது என்று சொல்லியிருக்க வேண்டும்.

சரி, அந்தக் குடும்பத்துக்கு வருவோம்.

அவர்களைப் பார்த்து நாங்கள் சொன்ன முதல் வார்த்தை, "நீங்க நாலு பேரும் வியாழக்கிழமை ராத்திரியே போயிட்டு வந்துட்டீங்களே" என்பது. அவர்களுக்கு விளங்கவில்லை. உங்களில் சிலருக்கும் விளங்காது, ஏனென்றால் அன்று இரவு நடந்தது துண்டு துண்டாகத்தான் வெளியே தெரியும். கொஞ்சம் விபரமாகச் சொல்கிறோம்.

நவம்பர் 27, வியாழன். அந்தப் பையன் பாடசாலையில் சொல்லிக் கொடுத்தபடி இஸ்தோப்புக்கு வெளியே வெட்ட வெளியில் ஒரு ஜாம் போத்தல் வைத்திருந்தான், மழை அளக்க. தினமும் காலையில் அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுதி, தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்ப வைப்பான். லயத்தில் அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு நனைந்து ஓடிவந்தான். "சார், போத்தல் வழியுது. காலைல கொட்டினது. போத்தல் பத்துச் சென்டிமீற்றர் சார், அப்படின்னா நூறு தாண்டிருச்சு."

நூறு மில்லிமீற்றர் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும், பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கிற கணக்கு அது. இருபத்து நாலு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். நூறு தாண்டினால் வெளியேற ஆயத்தம். 150 ஆனாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ, சரிவுள்ள இடத்தில் ஒரு ஆளும் நிற்கக் கூடாது. தெரிந்தும் நாங்கள் அரை மணித்தியாலம் தாமதித்தோம். மேலிடத்திலிருந்து உத்தரவு வரட்டும் என்று பார்த்தோம். இதை மறைக்க விரும்பவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒருவருடைய போனில் எச்சரிக்கை ஒன்று வந்தது. அது சிங்களத்தில் மட்டும் இருந்தது. எங்களுக்குச் சிங்களம் பேச வரும், எழுத்துக் கூட்டி வாசிப்பது மெல்லத்தான். மூத்த பெண் பிள்ளை வாங்கி ஒரே மூச்சில் வாசித்து, "சிவப்பு மட்டம்னு போட்டிருக்கு சார், நம்ம பிரதேச செயலகப் பிரிவு பேரும் இருக்கு" என்றது. அதற்குப் பிறகு நாங்கள் யாருடைய உத்தரவுக்கும் நிற்கவில்லை.

மேல்லயத்துக்கு ஆள் அனுப்பினோம். பன்னிரண்டு காம்பரா, எங்கள் புத்தகத்தின்படி நாற்பத்தேழு பேர். இருட்டு, மழை, பாதை முழுக்கக் கான் உடைத்த தண்ணீர். எட்டரை மணிக்குள் எல்லோரும் இதே கட்டடத்துக்கு, நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற இந்த இடத்துக்கு வந்துவிட்டார்கள். அந்தத் தங்கச்சி வந்த கையோடு அடுப்பைப் பற்றவைத்து, இருக்கிற மாவில் ரொட்டி சுட்டுக் கருவாட்டுச் சம்பலோடு பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்தார். ஒருவரும் சொல்லவில்லை, அவரே செய்தார்.

நாங்கள் பேர் கூப்பிட்டோம். நாற்பத்தாறு. திரும்பவும் கூப்பிட்டோம். நாற்பத்தாறுதான். கோடிக் காம்பராத் தாத்தாவைக் காணவில்லை. வரும் வழியில் ஆட்டை அவிழ்த்து வருகிறேன் என்று திரும்பினாராம்.

இதைக் கேட்டதும் அந்தத் தங்கச்சியின் புருஷன் டோர்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. தனியாக. பிறகு இருபது நிமிடமோ முப்பது நிமிடமோ, பெண்சாதி ரொட்டி சுடுவதை நிறுத்தவில்லை, ஆனால் ரொட்டி எல்லாம் கருகியது. யாரும் எதுவும் சொல்லவில்லை, கருகினதைத் தின்றோம். கடைசியில் அவர் தாத்தாவை முதுகில் சுமந்து வந்தார். ஆடு இரண்டும் பின்னாலேயே வந்தன. விடிய நாலு மணி போல பீலிக்கரைப் பக்கம் மண் இறங்கியது. லயம் நின்றது, கோடிக் காம்பராவின் இரண்டு சுவர் போனது.

அவர் செய்தது பெரிய காரியம். அதே வாயால் சொல்கிறோம், தனியே போனது பிழை. இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு, ஒரு கயிறோடு, எத்தனை நிமிடத்தில் வராவிட்டால் என்ன செய்வது என்று சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். அவருக்கும் இது தெரியும். திங்கட்கிழமை எங்கள் முன்னால் உட்கார்ந்து, "அன்னைக்கு என்னமோ ஓடிட்டேங்க. இப்ப ராத்திரியில நெனச்சா காலு நடுங்குது" என்றார். அந்த ஆள்தான் மறுபடியும் போகிறேன் என்று வந்து நிற்கிறார்!

நாங்கள் பேர்க் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டத்தில் பேர் என்றால் நமக்குச் சம்பளக் கணக்குத்தான் ஞாபகம் வரும், முழுப் பேர், அரைப் பேர் என்று. அனர்த்தத்தில் இன்னொரு பேர்க் கணக்கு இருக்கிறது. மீரியபெத்தையில் முதல் நாள் நூற்றுக்கணக்கானவர்களைக் காணவில்லை என்று செய்தி வந்தது. அடுத்தடுத்த நாட்களில் அந்தத் தொகை மாறி மாறிக் குறைந்தது. யார் வீட்டில் இருந்தார், யார் மலைக்குப் போயிருந்தார், யார் வெளியூரில் வேலை என்று சட்டென்று சொல்ல ஆளில்லை. எங்கே தோண்டுவது என்பது அதைப் பொறுத்தது. வெளியூரிலிருந்து வருகிற எந்தப் பெரிய உதவிக் குழுவுக்கும் இது தெரியாது. எந்தக் காம்பராவில் எத்தனை பேர் படுக்கிறார்கள், எந்தக் கிழவிக்குக் காது கேட்காது, எந்தப் பிள்ளைத்தாய்ச்சிக்கு எத்தனையாவது மாதம் என்பது பக்கத்துக் காம்பராக்காரருக்குத்தான் தெரியும். மண் விழுந்த முதல் மணித்தியாலத்தில் கையால் தோண்டுகிறவரும் அவர்தான். ஆமி வருவதும் மெசின் வருவதும் ரோட்டுத் திறந்த பிறகு.

ஆனாலும் அந்தக் குடும்பத்தை "நீங்கள் செய்தது போதும், வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட மனம் வரவில்லை. கடன் என்று சொன்னார்களே. அது அவர்களுக்கு வெறும் பேச்சு இல்லை. ஆகவே ஒவ்வொருவரிடமும் கேட்டோம், உங்களுக்கு என்ன தெரியும் என்று. முதலில் எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: "எதுன்னாலும் செய்வோம்." எதுவென்றாலும் செய்கிறவரை எங்கே நிறுத்துவது என்று முகாமில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டிவரும், எங்கள் சோற்றுப் பார்சல் கதை மாதிரி.

புருஷனுக்கு மண் தெரியும். மம்பட்டி, கத்தி, கான் வெட்டு, பாறை அசைகிறதா என்று தட்டிப் பார்ப்பது. கீழே ஒரு கிராமத்தில் வெள்ளம் ஏறி வடிந்த வீடுகளில் சேறு அள்ளவும் கிணறு இறைக்கவும் ஆள் கேட்டிருந்தார்கள். எட்டுப் பேர் சேர்ந்து, கிராம உத்தியோகத்தரிடம் பேர் கொடுத்து, அவர் காட்டின வீட்டில் மட்டும் வேலை செய்வது என்று போனார்கள். சொந்தச் சோறு, சொந்தத் தண்ணீர் கட்டிக்கொண்டு போனார்கள். போகுமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு எலிக்காய்ச்சலுக்கான குளிசை வாங்கிக் கொடுத்தோம். வெள்ளச் சேற்றில் வெறுங்காலோடு இறங்கினால், காலில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலே போதும், எலிக்காய்ச்சல் பிடிக்கும். அந்தக் குளிசையை ஆளுக்கு ஆள் கைமாற்றிக் குடிக்கக் கூடாது, கேட்டுத்தான் குடிக்க வேண்டும். பூட்ஸ் எட்டுப் பேருக்கு ஐந்து சோடிதான் கிடைத்தது. மற்ற மூன்று பேர் காலில் உரப்பையைக் கட்டினார்கள். அது நல்ல ஏற்பாடு இல்லை, வேறு வழி இருக்கவில்லை.

அது ஒரு சிங்களக் கிராமம். ஒரு அம்மா முதல் நாள் இவர்களைப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் நின்றாராம். மூன்றாம் நாள் தோட்டத்து ஆட்களுக்கென்று கிரிபத் செய்து கொண்டுவந்தாராம். இதற்கு மேல் நாங்கள் ஒன்றும் சேர்த்துச் சொல்லவில்லை.

பெண்சாதிக்குச் சமையல் தெரியும், இருநூறு பேருக்குத் திருவிழாவில் சமைத்த கை. அவரையும் இன்னும் நாலு தாய்மாரையும் பக்கத்துத் தோட்டத்துச் சனங்கள் தங்கியிருந்த பாடசாலைக்கு அனுப்பினோம். இங்கே ஒன்று கவனிக்க வேணும். வீட்டில் சமைத்துப் பார்சல் கட்டிக் கொண்டுபோவது நல்ல மனதுதான். ஆனால் காலையில் கட்டின சோறு ரோட்டில் நின்று நின்று பின்னேரம் போய்ச் சேரும்போது நூலிழுக்கும். முகாமிலேயே வயிற்றுப்போக்கு வந்தால் அது இரண்டாவது அனர்த்தம். அரிசி, பருப்பு, எண்ணெய், பெரிய சட்டி, விறகு கொண்டுபோய் அங்கேயே சமைக்க வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, அங்கே தங்கியிருக்கிற பெண்களையும் சமையலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் இவர்களே எல்லாவற்றையும் செய்து, அந்தப் பெண்களைச் சும்மா உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு அம்மா கோபித்துக்கொண்டாராம்: "எங்க வீடுதான் போச்சு, கை போகல" என்று. அடுத்த நாள் அவர்தான் உப்புப் பார்த்தார்.

மூத்த பிள்ளையை நாங்கள் முதலில் திருப்பி அனுப்பினோம். பரீட்சை எப்போது வேண்டுமானாலும் திரும்பத் தொடங்கும், மலையகத்துப் பிள்ளை ஒன்று உயர்தரம் வரை வந்திருக்கிறது, அதைக் கெடுக்க வேண்டாம் என்பது எங்கள் நினைப்பு. தாய்க்கும் அதே நினைப்பு. பிள்ளை அழவில்லை. "சார், வீட்ல இருந்தா நான் படிப்பேன்னு நெனைக்கிறீங்களா? கொப்பியைத் திறந்தா எழுத்தே தெரியல" என்றது. இதற்கு எங்களிடம் பதில் இல்லை. கடைசியில் காலையில் படிப்பு, பின்னேரம் மூன்று மணித்தியாலம் முகாம் என்று ஒரு ஒழுங்குக்கு வந்தோம்.

அந்த மூன்று மணித்தியாலத்தில் அது என்ன செய்தது தெரியுமா? படிவம் நிரப்பியது. வீடு துப்புரவாக்க 25,000 ரூபா உதவிப் பணம் என்று அரசாங்கம் அறிவித்தது. அதற்குப் படிவம். அடையாள அட்டை தொலைந்ததற்கு ஒரு படிவம். பிறப்புச் சான்றிதழுக்கு இன்னொன்று. லயத்தில் இருப்பவர்களுக்கு முகவரி எழுதுவதே ஒரு பிரச்சினை. வீட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்ற இடத்தில் என்ன எழுதுவது? கைநாட்டு வைக்கிற கிழவர் ஒருவர் மூன்று நாள் படிவத்தை மடித்து வேட்டியில் முடிந்து வைத்திருந்தார், யாரிடம் கேட்பது என்று கூச்சம். இந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, "தாத்தா, உங்க பேரை முழுசா சொல்லுங்க" என்று கேட்டு எழுதியது. பத்து நாளில் எத்தனை படிவம் எழுதியது என்று கேட்டால் எண்ணவில்லை என்கிறது. இரண்டு பேனை முடிந்ததாம்.

எட்டுச் சாக்குத் துணி கொண்டுபோன எங்களை ஒருவரும் இப்படிப் பக்கத்தில் உட்காரச் சொல்லவில்லை, நாங்களாகவும் உட்காரவில்லை.

செலவையும் சொல்லாவிட்டால் நாங்கள் பொய் சொன்னது போலாகும். அப்போது நாள் சம்பளம் 1,350 ரூபா. ரோட்டுச் சரியாகி மலையில் வேலை தொடங்கின பிறகும் புருஷன் ஐந்து நாள் பேர் இல்லாமல் போனார், 6,750 ரூபா. அந்த மாதம் கடையில் கடன் ஏறியது. அதைப் பற்றி வீட்டில் சண்டையும் வந்தது, பெண்சாதியே சொன்னார். "போகணும்னு மொதல்ல சொன்னது நான்தான், கடைக்காரர் வந்து நின்னப்ப அவரைத் திட்டினதும் நான்தான்" என்று சிரிக்கிறார், இப்போது. ஆறாம் நாள் அவருக்குக் காய்ச்சல். நல்ல காலம், வெறும் தடிமன் காய்ச்சல். அதோடு நாங்கள் ஒரு விதி வைத்தோம்: ஒரு வீட்டிலிருந்து ஒரே நாளில் தாயும் தகப்பனும் போகக் கூடாது, ஒருவர் தொடர்ந்து ஐந்து நாளுக்கு மேல் போகக் கூடாது. சங்கத்துத் தலைவர் இது கடுமையான விதி என்றார். இருக்கட்டும்.

பையன் இரவில் மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான் என்று தாய் சொன்னார். அவன் எந்த முகாமுக்கும் போகவில்லை, ஆனால் வியாழன் இரவு தகப்பன் வெளியே போனதைப் பார்த்தவன். இதைச் சின்ன விஷயம் என்று விடக் கூடாது. ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டலாம். 1926 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணிப் பேசவும் முடியும். பைத்தியக்காரருக்குத்தான் அது என்று நினைக்காதீங்க. அந்தப் பையனிடம் இரண்டு மூன்று முறை ஒருவர் பேசினார். இப்போது எழுந்தாலும் திரும்பப் படுக்கிறான்.

முகாமுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. "எப்படி நடந்துச்சு, யார் யார் போனாங்க" என்று கேட்காதீங்க. அவர்களாகச் சொன்னால் கேளுங்க. ஒரு தாயிடம் ஒரே நாளில் பதினைந்து பேர் அதே கேள்வியைக் கேட்டார்களாம். வரிசையில் பாத்திரத்தோடு நிற்கிறவரைப் போனில் படம் எடுக்காதீங்க. நாளைக்கு நாமும் அந்த வரிசையில் நிற்கலாம். நிற்க மாட்டோம் என்று யார் எழுதித் தந்தார்கள்? மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று 2005லும் 2011லும் சொல்லியிருந்தார்கள். போவதற்கு வேறு இடம் கொடுக்காமல் போகச் சொன்னால் சனம் எங்கே போகும்? எங்கள் மேல்லயத்து விஷயமும் இன்னும் முடியவில்லை. அதற்குக் கடிதம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம், பதில் வந்ததும் இதே இடத்தில் வாசித்துக் காட்டுவோம்.

ஆகவே நாங்கள் இன்றைக்குக் கூப்பிட்டதன் காரணத்துக்கு வருகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழை நம் பக்கத்துக்கு எப்படியும் வரும். அதற்கு முன் லயத்துக்கு ஒரு குடும்பம் பேர்க் கணக்கைப் பொறுப்பெடுக்க வேணும். காம்பரா வாரியாக யார் யார், யாருக்கு நோய், யார் வெளியூரில், யாரைத் தூக்கித்தான் கொண்டுவர வேண்டும். மாதம் ஒருமுறை திருத்த வேணும். ஒரு பிரதி எங்களிடம், ஒரு பிரதி பொலித்தீனில் சுற்றி இந்தப் பிள்ளைக் காம்பரா அலுமாரியில். கீழ்ப் பிரிவில் நாலு குடும்பம் ஏற்கெனவே பேர் கொடுத்துவிட்டது. மேல் பிரிவில் இன்னும் ஒன்றுதான், எந்தக் குடும்பம் என்று சொல்லத் தேவையில்லை.

சரிவுப் பக்கம் நடமாடும்போது கண்ணை வைத்துக்கொள்ளுங்க. நிலத்தில் புதிதாக வெடிப்பு, நேராக நின்ற மரமோ போஸ்டோ சாய்வது, கதவு திடீரென்று இறுகுவது, பீலித் தண்ணீர் காரணமில்லாமல் கலங்குவது அல்லது நின்றுபோவது, புது ஊற்றுக் கிளம்புவது. ஒன்றைக் கண்டாலும் ஆபீசுக்குச் சொல்லுங்க. எங்களைப் பிடிக்க முடியாவிட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. தமிழில் பேசுங்க. விளங்கவில்லை என்றால் விளங்குகிற ஆளைக் கூப்பிடச் சொல்லிக் கேளுங்க, கூச்சப்படாதீங்க.

மழை போத்தல் லயத்துக்கு ஒன்று வைக்கப் போகிறோம். ஜாம் போத்தல் சரிவராது, அது குட்டை, நூறிலேயே வழிந்துவிடும். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் கழுத்தை வெட்டி, அடியில் வளைவு மறையும் வரை சின்னக் கல்லும் தண்ணீரும் போட்டு, அந்த மட்டத்தில் கோடு கீற வேண்டும். அதுதான் பூச்சியம். கூரைத் தண்ணீரும் மரத் தண்ணீரும் விழாத இடத்தில் வையுங்க.

பேர் கொடுக்க விரும்புகிற குடும்பங்கள் வெள்ளிக்கிழமை கொழுந்து நிறுத்த பிறகு ஆபீசுக்கு வாங்க. வரும்போது வீட்டில் ஒரு வெற்றுச் சோடாப் போத்தல் இருந்தால் எடுத்துவாங்க, பிள்ளைகளையும் கூட்டிவாங்க. கோடு எங்கே கீறுவது, எப்படி வாசிப்பது என்று அந்தத் தம்பியே காட்டுவான். அதோ, கதவுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான் பாருங்க.